“நாங்களே பார்த்துக்கொள்வோம்” என்று சொல்ல முன்னர்: இங்கிலாந்தில் கவுன்சிலிடம் பராமரிப்பு உதவி கேட்கும் முறை

கவுன்சிலில், அதாவது உள்ளாட்சி மன்றத்தில், இருந்து ஆள் வந்து “வீட்டில் யார் உதவி செய்கிறார்கள்?” என்று கேட்டால், தமிழ் வீடுகளில் முதலில் வாயில் வருவது “நாங்களே பார்த்துக்கொள்வோம்” என்பதுதான். பெற்றவர்களையோ பிள்ளையையோ கைவிடும் ஆட்கள் அல்ல நாங்கள் என்று காட்டுவதற்காகச் சொல்கிறோம். வந்தவர் அதை “தேவைகளைக் குடும்பம் நிறைவேற்றுகிறது” என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவார். ஆசியக் குடும்பங்கள் தங்கள் ஆட்களைத் தாங்களே பார்த்துக்கொள்வார்கள் என்ற எண்ணம் இங்குள்ள சேவைகளில் நெடுங்காலமாக ஊறிக்கிடக்கிறது. எங்கள் மானமும் அவர்களின் அந்த எண்ணமும் ஒன்றுசேரும் இடத்தில்தான் மாற்றுத்திறனாளியான தமிழருக்கு வரவேண்டிய உதவி நின்றுபோகிறது. மொழி, பணம், விசா எல்லாம் அதற்குப் பிறகு வரும் தடைகள்.

லண்டனில் ஹரோ, ஈஸ்ட் ஹாம், டூட்டிங், மிச்சம், இல்ஃபர்ட் என்று எங்கே இருந்தாலும் இங்கிலாந்துக்குள் சட்டம் ஒன்றுதான்: 2014ஆம் ஆண்டின் கேர் ஆக்ட். ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றுக்கும் வேறு சட்டங்கள். கீழே உள்ளவை 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. சிறுவர்களுக்கு 1989ஆம் ஆண்டின் சில்ட்ரன் ஆக்ட் பொருந்தும். ஆனால் பிள்ளைக்கு 18 ஆகும்வரை காத்திருக்க வேண்டாம். வளர்ந்தோர் சேவைக்கு மாறுவதற்கான மதிப்பீட்டை முன்கூட்டியே கேட்கலாம்.

முதல் கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள்

தொலைபேசியில் கேட்டால், எதிர்முனையில் இருப்பவர் நாலு கேள்வி கேட்டுவிட்டு “உங்களுக்குத் தகுதி இல்லை, இந்தத் தொண்டு நிறுவனத்தைப் பாருங்கள்” என்று இலக்கமொன்றைத் தந்து அனுப்பிவிடலாம். அப்படிச் செய்வது சட்டத்துக்குப் பொருந்தாது. ஒருவருக்குப் பராமரிப்புத் தேவை இருக்கக்கூடும் என்று தோன்றினாலே கவுன்சில் மதிப்பீடு செய்தாக வேண்டும் என்கிறது கேர் ஆக்டின் 9ஆம் பிரிவு. தகுதி உண்டா இல்லையா என்பது மதிப்பீட்டுக்குப் பிறகு வரும் முடிவு. கையில் எவ்வளவு காசு இருக்கிறது என்பதையும் இந்தக் கட்டத்தில் காரணமாகக் காட்ட முடியாது. மதிப்பீடு எல்லோருக்கும் இலவசம்.

ஆகவே கவுன்சிலின் வளர்ந்தோர் சமூகப் பராமரிப்புப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். அதில் இருக்க வேண்டியவை: பெயர், பிறந்த திகதி, முகவரி, நோய் அல்லது குறைபாட்டின் பெயர், உதவி இல்லாமல் செய்ய முடியாத மூன்று நான்கு காரியங்கள், “9ஆம் பிரிவின்கீழ் தேவை மதிப்பீடும், பார்த்துக்கொள்பவருக்கு 10ஆம் பிரிவின்கீழ் மதிப்பீடும் கோருகிறோம்” என்ற வசனம், “நேரில் வந்து செய்ய வேண்டும், இலங்கைத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்” என்ற வசனம். திகதியோடு ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். மதிப்பீட்டை இத்தனை நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் எண் இல்லை. நியாயமான காலம் என்றுதான் இருக்கிறது. அதனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே மின்னஞ்சலைத் தொடர்ந்து இன்னொன்றை அனுப்பிக்கொண்டே இருங்கள். விழுந்து எலும்பு முறிந்தது, பார்த்துக்கொள்பவரே ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார் என்றால் “அவசரத் தேவை, 19ஆம் பிரிவு” என்று குறிப்பிடுங்கள். மதிப்பீடு முடியும் முன்பே உதவி அனுப்ப அந்தப் பிரிவு இடம் தருகிறது.

மொழிபெயர்ப்பாளர் விஷயம்

மகனையோ பேத்தியையோ வைத்து மொழிபெயர்ப்பது பெரிய தவறு. மகன் முன்னால் “சிறுநீர் அடக்க முடியவில்லை” என்று எந்தத் தாய் சொல்வார்? சொன்னாலும் அவன் அதைப் பாதியாக்கித்தான் ஆங்கிலத்தில் சொல்வான். மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யும்படி கவுன்சிலைக் கேளுங்கள். அதற்கு நீங்கள் காசு கொடுக்கத் தேவையில்லை. குடும்ப வைத்தியரான ஜிபியிடமும் அப்படியே. ஜிபியைப் பார்க்க நேரம் பதிவு செய்யும்போது மொழிபெயர்ப்புக்காக இரட்டை நேரம் தரும்படி சொல்லுங்கள். பத்து நிமிடத்தில் இரண்டு மொழியில் ஒன்றும் கதைத்து முடியாது.

“இலங்கைத் தமிழ்” என்று குறிப்பிடச் சொல்வதற்குக் காரணம் உண்டு. “சத்தி எடுக்கிறா”, “தலையிடி”, “அறளை பெயர்ந்துவிட்டது” போன்றவை தமிழ்நாட்டிலிருந்து வந்த மொழிபெயர்ப்பாளருக்குப் பிடிபடாமல் போகலாம். மறுபக்கம், அதே ஊரைச் சேர்ந்தவரோ அதே கோயிலுக்கு வருபவரோ மொழிபெயர்க்க வந்தால் போர்க்காலத்தில் நடந்ததையும் வீட்டுக்குள் நடப்பதையும் வாய் திறந்து சொல்ல முடியாது. அப்படியானால் தொலைபேசி வழி மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். பெண்களுக்குப் பெண்ணையே கேளுங்கள்.

சில சொற்கள் மொழிபெயர்ப்பிலேயே காணாமல் போகும். “பரவாயில்லை” என்பது ஆங்கிலத்தில் “நலமாக இருக்கிறார்” என்று போய்விடும். தலையை ஆட்டுவது “ஓம்” ஆகிவிடும். “வயசு போனால் அறளை பெயரும்தானே” என்று சொல்லிவிட்டால், டிமென்ஷியாவாக இருக்கக்கூடிய ஒன்று முதுமையாக எழுதப்படும். கற்றல் குறைபாடு உள்ள பிள்ளையை “மூளை சுகமில்லை” என்றால் அது மனநோயாக எழுதப்பட்டு, தவறான பிரிவுக்குக் கோப்பு போகும். நோயின் பெயரை ஜிபியிடம் ஆங்கிலத்தில் எழுதி வாங்கி, மதிப்பீடு செய்ய வருபவரிடம் காட்டிவிடுங்கள்.

காது கேளாதவர்களுக்கு இன்னொரு சிக்கல். இலங்கையில் கற்ற சைகைமொழியும் பிரித்தானியச் சைகைமொழியும் வேறு வேறு. “சைகைமொழி பெயர்ப்பாளர்” என்று பொதுவாகக் கேட்டால் யாருக்கும் புரியாத ஒருவர் வந்து நிற்பார். எந்தச் சைகை தெரியும், எழுத வாசிக்கத் தெரியுமா என்பதை முன்பே சொல்லுங்கள். பார்வை, கேள்வி, கற்றல் குறைபாடு உள்ளவர்களுக்குப் புரியும் வடிவில் தகவல் தர வேண்டும் என்ற என்எச்எஸ் விதி சைகைமொழிக்கும் பெரிய எழுத்துக்கும் பொருந்தும். தமிழில் மொழிபெயர்த்துத் தருவது அதற்குள் அடங்காது; அதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

மொழி தெரியாதது ஒன்று; கேட்டதை விளங்கிக்கொள்ளவோ, நினைவில் வைக்கவோ, சீர்தூக்கிப் பார்க்கவோ, சொல்லவோ பெரிதும் சிரமப்படுவது வேறொன்று. இரண்டாவது வகையினருக்குத் துணை நிற்கப் பொருத்தமானவர் இல்லையென்றால் கவுன்சில் சுதந்திரமான ஆதரவாளர் ஒருவரை நியமிக்க வேண்டும் (67ஆம் பிரிவு). குடும்பத்தினர் இருந்தாலும், இவர் எனக்காகப் பேச வேண்டாம் என்று சம்பந்தப்பட்டவர் நினைத்தால் அவரைத் திணிக்க முடியாது. வீட்டுக்குள் அடி, ஏச்சு, காசைப் பிடுங்குவது இருந்தால் “தனியாகக் கதைக்க வேண்டும்” என்ற ஒரு வசனம் போதும்.

ஏழு நாள் குறிப்பு

மதிப்பீட்டுக்கு முந்திய வாரம் ஏழு நாளும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். இதைவிடப் பலன் தரும் தயாரிப்பு வேறில்லை. “கஷ்டப்படுகிறார்” என்று எழுதினால் பயன் இல்லை. நேரம், எத்தனை பேர், எவ்வளவு நேரம், என்ன பிழைத்தது என்று எழுத வேண்டும். இப்படி:

“செவ்வாய், காலை 6.40. கட்டிலிலிருந்து எழுப்ப இரண்டு பேர். கழிவறைக்குப் போக 12 நிமிடம். வழியிலேயே போய்விட்டது, உடுப்பும் விரிப்பும் மாற்றினோம். 8.15, இடியப்பம் ஊட்டினோம், 40 நிமிடம், இரண்டு முறை புரையேறியது. இரவு 11.30, 2.10, 4.45க்கு எழும்பினா. 2.10க்கு வாசல் கதவைத் திறக்கப் பார்த்தா.”

இரவை விடாதீர்கள். இரவுத் தேவை எழுதப்படாவிட்டால் இரவு உதவி ஒருநாளும் வராது. நல்ல நாளையும் கெட்ட நாளையும் சேர்த்தே எழுதுங்கள். கெட்ட நாள் வாரத்தில் எத்தனை என்பதும் தெரியட்டும்.

மதிப்பீட்டாளர் பார்ப்பது பத்து விஷயங்களை: சாப்பாடு தயாரித்து உண்பது, உடல் சுத்தம், கழிவறைத் தேவை, ஏற்ற உடுப்பு உடுப்பது, வீட்டுக்குள் ஆபத்தின்றி நடமாடுவது, வீட்டை வாழத்தக்க நிலையில் வைத்திருப்பது, உறவுகளையும் நட்பையும் பேணுவது, வேலை அல்லது படிப்பு, வெளியே போய் ஊரிலுள்ள வசதிகளைப் பயன்படுத்துவது, தன் பிள்ளையைப் பராமரிப்பது. உடல் அல்லது மனக் குறைபாட்டாலோ நோயாலோ இவற்றில் குறைந்தது இரண்டு முடியாமல் போய், அதனால் நல்வாழ்வு கணிசமாகப் பாதிக்கப்பட்டால் தகுதி உண்டு.

“முடியாது” என்பதற்குச் சட்டம் தரும் பொருள்தான் இங்கே முக்கியம். உதவியில்லாமல் செய்ய இயலாதது மட்டும் அல்ல. செய்ய முடிந்தாலும் கடும் வலியோ பதற்றமோ தந்தால், ஆபத்து விளைந்தால், வழக்கத்தைவிட மிக நீண்ட நேரம் எடுத்தால் அதுவும் “முடியாது” என்றே கணக்கு. “குளிக்க முடியுமா?” என்றால் அம்மா “ஓம்” என்பார். முக்கால் மணி நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு, இரண்டு தடவை வழுக்கி, பிறகு ஒருமணி நேரம் படுத்துக் கிடக்கும் குளிப்பு அது. அந்தக் கொப்பி பேச வேண்டிய இடம் இதுதான்.

கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ பள்ளிவாசலுக்கோ போக முடியாமல் இருப்பதையும் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவதை இதிலெல்லாம் சேர்ப்பார்களா என்று பலர் அதை விட்டுவிடுகிறார்கள். ஊரிலுள்ள வசதிகளைப் பயன்படுத்துவதும் உறவுகளைப் பேணுவதும் அந்தப் பத்துக்குள் இருக்கின்றன. ஒருவரின் நம்பிக்கைகளைக் கருத்தில் எடுக்க வேண்டும் என்று முதலாம் பிரிவே சொல்கிறது.

மதிப்பீட்டு நாளில்

வீட்டை அன்றைக்கென்று துப்புரவாக்காதீர்கள். வருபவருக்குப் பலகாரம் செய்து வைத்து, அம்மாவை நல்ல சேலை உடுத்தி இருத்தினால் அவர் காணப்போவது நன்றாக நடக்கும் ஒரு வீடு. தேநீர் கொடுங்கள், போதும். எழுந்து நடந்து காட்டச் சொன்னால் வழமையான வேகத்தில் நடக்கட்டும்.

குடும்பம் செய்யும் வேலைகளையும் தேவையாகவே எழுத வேண்டும் என்று அரசின் வழிகாட்டல் சொல்கிறது. முதலில், யாருமே உதவாவிட்டால் என்ன தேவை என்று முழுமையாகப் பார்க்க வேண்டும். குடும்பம் எதைச் செய்கிறது என்பது அதற்குப் பிறகு. நீங்கள் விரும்பிச் செய்யும் வேலையைக் கவுன்சில் எடுத்துச் செய்யாது என்பது உண்மை. ஆனால் அது தகுதியுள்ள தேவை என்று எழுத்தில் இருந்தால், நாளை மருமகள் வேலைக்குப் போகும்போதோ உங்கள் முதுகு விட்டுப்போகும்போதோ மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. ஆகவே “நாங்களே பார்த்துக்கொள்வோம்” என்பதற்குப் பதிலாக இதைச் சொல்லுங்கள்: “இப்போது இதை இதை நாங்கள் செய்கிறோம். இதை இதைத் தொடர்ந்து செய்ய முடியாது.”

கழிவறை பற்றிக் கூச்சமில்லாமல் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. தண்ணீரால் கழுவும் பழக்கம் எங்களுடையது. கை இயங்காதவருக்கு அது முடியாமல் போனால் சாப்பிடவே மனம் வராது. பராமரிக்க வரும் பணியாளர், அதாவது கேரர், காகிதத்தால் துடைத்துவிட்டுப் போவார், யாரும் சொல்லாவிட்டால் அவருக்குத் தெரியாது. பராமரிப்புத் திட்டத்தில் “ஒவ்வொரு முறையும் தண்ணீரால் கழுவ வேண்டும்” என்று எழுதச் சொல்லுங்கள். கழுவி உலர்த்தும் கழிவறை ஆசனங்களும் உண்டு; தொழில்முறைச் சிகிச்சையாளர், அதாவது ஓடி (OT), பார்த்துப் பரிந்துரைக்கலாம். வாளியும் கோப்பையுமாகக் குளித்துப் பழகியவருக்குக் குளியல் தொட்டியைவிடப் படியில்லாத தரைக் குளியலறை நன்றாகப் பொருந்தும். 1,000 பவுணுக்கு உட்பட்ட சிறு மாற்றங்களும் உதவிக் கருவிகளும் தேவை என்று முடிவானால் இலவசம். பெரிய வேலைகளுக்கு 30,000 பவுண் வரை மாற்றுத்திறனாளி வசதி மானியம் உண்டு. வளர்ந்தவர்களுக்கு வருமானம் பார்ப்பார்கள், 18க்கு உட்பட்ட பிள்ளைக்குப் பார்ப்பதில்லை. முழு விண்ணப்பம் கொடுத்த ஆறு மாதத்துக்குள் கவுன்சில் முடிவு சொல்ல வேண்டும். தெரிந்த கட்டட வேலைக்காரர் ஒருவரைப் பிடித்து அனுமதி வருமுன்னரே குளியலறையை உடைக்கத் தொடங்கினால் அந்த மானியம் பொதுவாகக் கிடைக்காது. வாடகை வீட்டிலிருப்பவரும் விண்ணப்பிக்கலாம். வீட்டுக்காரரின் சம்மதம் வேண்டும்.

பார்த்துக்கொள்பவருக்கும் உரிமை உண்டு

10ஆம் பிரிவு மதிப்பீட்டில் கேட்கப்பட வேண்டியது, “உங்களால் முடியுமா?” என்பது மட்டும் அல்ல, “உங்களுக்கு விருப்பமா?” என்பதும்தான். எங்கள் வீடுகளில் மருமகளிடமும் கலியாணமாகாத மகளிடமும் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. அவர்களைத் தனியாக, மற்றவர்கள் இல்லாத நேரத்தில் மதிப்பீடு செய்யக் கேளுங்கள். அவரின் தூக்கம், வேலை, சொந்தப் பிள்ளைகள், உடம்பு எல்லாம் அதில் வரும்.

வாரத்துக்கு 35 மணி நேரமாவது பார்த்துக்கொள்பவருக்குக் கேரர்ஸ் அலவன்ஸ் உண்டு, நோயாளி அதற்குரிய உதவித்தொகை பெற்றால். வேலைச் சம்பளத்துக்கு வார உச்சவரம்பு இருக்கிறது. ஓவர்ரைம் செய்து அதைத் தாண்டிய வாரங்களை அறிவிக்காவிட்டால் பிறகு முழுத் தொகையையும் திருப்பிக் கேட்பார்கள். நோயாளி தனியாக வாழ்ந்து குறைந்த வருமானமுள்ள முதியோருக்கான பென்ஷன் கிரெடிட் பெறுபவரானால், நீங்கள் இதை எடுப்பதால் அவருக்குக் கிடைக்கும் மேலதிகத் தொகை நின்றுபோகலாம். ஆலோசனை கேட்டபின் விண்ணப்பியுங்கள்.

உதவி தேவைப்படும், ஓய்வூதிய வயதைத் தாண்டியவருக்கு அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் என்ற உதவித்தொகை உண்டு. 0800 731 0122க்கு அழைத்துப் படிவம் கேட்டு, அதில் உள்ள கெடுவுக்குள் திருப்பி அனுப்பினால், நீங்கள் அழைத்த நாளிலிருந்தே பணம் கணக்கிடப்படும். பகல் அல்லது இரவு மட்டும் உதவி தேவையென்றால் குறைந்த வீதம். இரண்டும் என்றால் கூடிய வீதம். ஏழு நாள் குறிப்பில் இரவைச் சேர்த்தது இங்கேயும் உதவும். ஊருக்குப் போய் 13 வாரத்துக்கு மேல் தங்கினால் பொதுவாக இது நின்றுவிடும்.

வரும் கேரர் பொருந்தாவிட்டால்

கவுன்சில் அனுப்பும் நிறுவனத்தின் கேரர் தமிழ் தெரியாதவராக, சோறு கறி ஊட்டத் தெரியாதவராக, ஒவ்வொரு நாளும் வேறு வேறு ஆளாக வரலாம். டிமென்ஷியா வந்தபின் பிற்காலத்தில் கற்ற ஆங்கிலம் முதலில் போய்விடுவது உண்டு. அப்படியானவருக்கு இது வெறும் வசதிக்குறைவு அல்ல. யாரென்று தெரியாத ஒருவர் வந்து உடுப்பைக் கழற்றுவதாகவே அவருக்குப் படும். தமிழ் பேசும் கேரரையும், பெண்ணுக்குப் பெண்ணையும் கேளுங்கள். திட்டத்தில் அது எழுதப்பட வேண்டும்.

கிடைக்காவிட்டால் நேரடிக் கொடுப்பனவு, அதாவது டைரக்ட் பேமெண்ட், கேளுங்கள். கவுன்சில் பணத்தைத் தரும், நீங்களே ஆளை வைத்துக்கொள்வீர்கள். ஒரே வீட்டில் வாழும் துணைவரையோ நெருங்கிய உறவினரையோ இந்தப் பணத்தில் வேலைக்கு வைக்கப் பொதுவாக அனுமதியில்லை. அது அவசியம் என்று கவுன்சில் ஏற்றால் மட்டும் முடியும். வேறு வீட்டில் இருக்கும் மாமியையோ மச்சாளையோ வைக்கலாம். நோயாளியால் முடிவெடுக்க இயலாவிட்டால் பொருத்தமான ஒருவர் அவருக்காக நிர்வகிக்கலாம்.

இதில் பிழைப்பது பெரும்பாலும் கணக்குத்தான். தனி வங்கிக் கணக்கு திறக்க வேண்டும். கையில் காசாகக் கொடுக்கக் கூடாது. நீங்கள் முதலாளி ஆகிறீர்கள்: முதலாளி பொறுப்புக் காப்புறுதி, வேலை செய்யும் உரிமை பார்ப்பது, சம்பளச் சீட்டு, ஆண்டுக்கு 5.6 வாரச் சம்பள விடுமுறை எல்லாம் வரும். இவற்றுக்கான செலவும் அந்தத் தொகைக்குள் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் “தேவையை நிறைவேற்ற இந்தத் தொகை போதாது” என்று கணக்குப் போட்டு எழுதிக் கேளுங்கள்.

காசுக் கணக்கு

வீட்டிலிருந்தபடி பராமரிப்புப் பெறுபவரின் குடியிருக்கும் வீட்டைச் சொத்தாகக் கணக்கிடுவதில்லை. வீடு பறிபோய்விடும் என்ற பயத்தில் விண்ணப்பிக்காமல் இருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நோயாளியின் காசை மட்டுமே பார்ப்பார்கள். மகனின் சம்பளத்தைப் பார்க்க முடியாது. சேமிப்பு 23,250 பவுணுக்கு மேலானால் முழுச் செலவும் அவருடையது. அப்போதும் வீட்டுப் பராமரிப்பை ஏற்பாடு செய்து தரும்படி கவுன்சிலைக் கேட்கலாம். 14,250க்குக் கீழானால் சேமிப்பைத் தொடமாட்டார்கள். இடையில் இருந்தால் ஒவ்வொரு 250 பவுணுக்கும் வாரம் ஒரு பவுண் வருமானமாகக் கணக்கு.

எங்கள் வீடுகளில் சிக்கல் இப்படி வரும்: சீட்டுக் காசும் தங்கச்சியின் கலியாணக் காசும் அம்மாவின் கணக்கில் கிடக்கும். வங்கியில் அவர் பெயரில் இருந்தால் அது அவருடையதாகவே பார்க்கப்படும். வேறொருவருடையது என்று காட்டப் பத்திரம் வேண்டும். ஊரிலுள்ள காணியையும் வீட்டையும் அறிவிக்க வேண்டும். மதிப்பீட்டுக்குச் சற்று முன் பிள்ளைகளின் பெயருக்கு மாற்றினால், கட்டணம் தவிர்க்கச் செய்ததாகக் கருதி இன்னும் அவரிடம் இருப்பதுபோலவே கணக்கிடலாம். பல ஆண்டுகளாக இருக்கும் நகை சொந்தப் பாவனைப் பொருள், அதைச் சேர்ப்பதில்லை.

நோயால் கூடும் செலவுகளைக் கழிக்கச் சொல்லுங்கள்: அடிக்கடி துவைப்பது, கூடுதல் வெப்பமூட்டல், சிறுநீர் உறிஞ்சும் பாட் (pad), சிறப்புச் சாப்பாடு. மூன்று மாத ரசீதுகள் கையில் இருந்தால் வாதாட வேண்டியதில்லை.

விசா

குடிவரவு விதிகள் “பொது நிதி” என்று பட்டியலிடும் அரசு உதவிகளில் சமூகப் பராமரிப்பு அடங்காது. ஆகவே விசாவில் பொது நிதித் தடை இருந்தாலும் மதிப்பீடு கேட்கலாம். அட்டெண்டன்ஸ் அலவன்ஸ், பிப் (PIP) என்ற மாற்றுத்திறனாளி உதவித்தொகை, கேரர்ஸ் அலவன்ஸ் மூன்றும் பொது நிதி. தடை உள்ளவர்கள் ஆலோசனை பெறாமல் அவற்றுக்கு விண்ணப்பிக்கக் கூடாது. விசா முடிந்தும் தங்கியிருப்பவர், புகலிடம் மறுக்கப்பட்டவர் ஆகியோருக்கு மனித உரிமை மீறலைத் தவிர்க்கத் தேவையான அளவுக்கே உதவி கிடைக்கும். அவர்களைப் பற்றி, குடிவரவைக் கவனிக்கும் ஹோம் ஒஃபிசுக்கு அறிவிக்கும் கடமையும் கவுன்சிலுக்குச் சில நிலைமைகளில் உண்டு. எனவே குடிவரவுச் சட்டத்தரணியைப் பார்த்துவிட்டு அணுகுங்கள்.

மறுத்தால்

முதலில் மதிப்பீட்டின் பிரதியையும் தகுதி முடிவுக்கான காரணங்களையும் எழுத்தில் கேளுங்கள். தர வேண்டியது கவுன்சிலின் கடமை. ஏழு நாள் குறிப்பை அருகில் வைத்து, அந்தப் பத்து விஷயங்களில் எது விடுபட்டது, எது தவறாக எழுதப்பட்டது என்று ஒவ்வொன்றாகக் குறியுங்கள். “மொழிபெயர்ப்பாளர் இன்றி நடந்தது”, “குடும்பம் உதவுவதால் தேவையில்லை என்று எழுதப்பட்டுள்ளது” என்ற இரண்டும் வலுவான காரணங்கள். கவுன்சிலில் முறைப்பாடு செய்தால் மூன்று வேலை நாளுக்குள் பெற்றதாக அறிவிக்க வேண்டும். பதில் திருப்தி இல்லையென்றால் முறைப்பாடுகளைச் சுயாதீனமாக விசாரிக்கும் உள்ளாட்சி மற்றும் சமூகப் பராமரிப்பு ஒம்புட்ஸ்மனிடம் போகலாம்: 0300 061 0614. கட்டணம் இல்லை. பிரச்சினை தெரியவந்து 12 மாதத்துக்குள் போக வேண்டும். உதவி நிறுத்தப்பட்டு ஆபத்து உடனடியாக இருந்தால் அதற்குக் காத்திராமல் சமூகப் பராமரிப்புச் சட்டத்தரணியைப் பிடியுங்கள். சட்ட உதவி கிடைக்கக்கூடும். நீதிமன்ற மீளாய்வுக்குத் தாமதமின்றி, எப்படியும் மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். வழக்குக்கு முந்திய கடிதம் ஒன்று போனவுடனேயே கவுன்சில் மறு மதிப்பீட்டுக்கு ஒப்புக்கொள்வதும் உண்டு.